வணிகவியல் டீச்சராகப் போகிறாளா உங்கள் பெண்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எட்டுப் பக்கத்திலும் விஷயம் ஒன்றுதான். அவருடைய மூத்த பெண் தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்துக்குப் போய்ப் படித்து, பி.காம். தேறிவிட்டாள். நல்ல மார்க். அந்த ஊரிலேயே ஒரு மில் ஆபீஸில் கணக்கு எழுத ஆள் வேண்டுமென்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெண்ணின் அத்தையோ, "ஆபீஸ் உத்தியோகமெல்லாம் எதற்கு? பி.எட். படிக்க வை. டீச்சர் வேலை என்றால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். வரன் பார்க்கவும் சுலபம்" என்கிறாராம். தெரிந்தவர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "காலேஜுக்குக்கூடப் போக வேண்டாம், பணத்தைக் கட்டிப் பரீட்சை எழுதினால் போதும். அப்படி ஓர் இடம் எனக்குத் தெரியும்" என்று ஆசை காட்டியிருக்கிறார். தங்கை மகள் ஒருத்தி கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறாள். அவளுக்கும் இதே யோசனைதானாம். "கையில் இருப்பது கல்யாணத்துக்காகச் சேர்த்த பணம். என்ன செய்யட்டும், சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

இது ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. பெண் குழந்தைகள் இருக்கிற எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு வேளையில் நடக்கிற பேச்சு. ஆகையால் பதிலை அந்தச் சகோதரிக்கு மட்டும் தபாலில் அனுப்பாமல், உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் அத்தை என்ன சொன்னார் என்று இருக்கிறது. தெரிந்தவர் என்ன சொன்னார் என்று இருக்கிறது. பெண் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அது இருக்கட்டும், பிறகு பார்ப்போம்.

வாசற்படியே உயரம்

பி.காம். முடித்த கையோடு பி.எட். சேர்ந்து, இரண்டு வருஷத்தில் டீச்சராகிவிடலாம் என்று அத்தை நினைக்கிறார். தமிழ்நாட்டில் வணிகவியல் விஷயத்தில் அது நடக்காது.

தமிழ், இங்கிலீஷ், கணிதம், விஞ்ஞானம், சரித்திரம் ஆகிய பாடங்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே இருக்கின்றன. அவற்றில் பட்டம் பெற்றவர்கள் நேரே பி.எட். சேரலாம். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் அப்படியல்ல. 1978-ல் நம் ராஜ்யத்தில் மேல்நிலைக் கல்வி வந்ததிலிருந்து, அவை பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு உரிய பாடங்கள். அந்த வகுப்புகளுக்குப் பாடம் சொல்ல முதுகலை ஆசிரியர் வேண்டும். ஆகையால் வணிகவியல், பொருளியல், மனையியல் போன்ற பாடங்களில் பி.எட். சேர முதுகலைப் பட்டம் கேட்பது நம் ராஜ்யத்தில் நெடுநாளைய வழக்கம்.

விரல் விட்டு எண்ணுங்கள். பி.காம். மூன்று வருஷம், எம்.காம். இரண்டு, பி.எட். இரண்டு, ஆக ஏழு வருஷம். பி.எட். முன்பெல்லாம் ஒரே வருஷப் படிப்புதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் கொண்டு வந்த விதிகளின்படி, 2015-லிருந்து இரண்டு வருஷமாயிற்று. எம்.ஏ., எம்.காம். முடித்தவர்களுக்கு ஒரு வருஷம் போதும் என்று அந்தக் குழுமம் 2025-ல் ஒரு நகல் விதியை வெளியிட்டது. ஆகவே பெண் சேரும் வருஷத்தில் விதி எப்படி இருக்கிறது என்பதை விண்ணப்பத்தோடு தரும் விளக்கப் புத்தகத்தில் நீங்களே படித்துப் பாருங்கள். வேறு யார் சொல்வதையும் நம்ப வேண்டாம். நான் சொல்வதையும் சேர்த்துத்தான்!

ஏழு வருஷம் என்றதும் திகைக்க வேண்டாம். அந்த வருஷங்களில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால், அது தண்டமா, லாபமா என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

தெரிந்தது வேறு, சொல்லத் தெரிந்தது வேறு

"பி.காமில் படித்த கணக்குதானே, அதையே பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு தனிப் படிப்பு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஓர் உதாரணம்.

நாம் வீட்டில் வரவு செலவு எழுதுகிறோம். சம்பளம் வந்தால் "வரவு", அரிசி வாங்கினால் "செலவு". நம் குழந்தைகளும் இதைப் பார்த்தே வளருகிறார்கள். அப்படி வளர்ந்த ஒரு பெண் பிளஸ் ஒன் வகுப்பில் வந்து உட்காருகிறாள். புத்தகத்தைத் திறந்தால், ரொக்கம் கைக்கு வந்தால் ரொக்கக் கணக்கில் "பற்று" எழுது என்றும், ரொக்கம் வெளியே போனால் "வரவு" வை என்றும் இருக்கிறது! குழந்தைக்குத் தலை சுற்றாதா? பணம் வந்ததை வரவு என்று எழுதக் கூடாதாம். போனதைத்தான் வரவு என்று எழுத வேண்டுமாம்.

இந்த இடத்தில்தான் நல்ல டீச்சரும் சுமாரான டீச்சரும் பிரிகிறார்கள். சுமாரானவர், "அது விதி, மனப்பாடம் செய்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். குழந்தையும் மனப்பாடம் செய்யும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விழிக்கும்.

நல்ல டீச்சர் மளிகைக் கடைப் பற்று வரவு நோட்டை வகுப்புக்குக் கொண்டு வருவார். நம்மில் பலர் வீட்டில் மஞ்சள் படிந்து ஆணியில் தொங்கிய நோட்டுதான். நாம் கடையில் பருப்பு வாங்கினால் செட்டியார் நம் பேரில் என்ன எழுதுவார்? "பற்று". ஏன்? நாம் பொருளைப் பற்றிக் கொண்டோம். அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும். முதல் தேதி பணம் கொடுத்தால் என்ன எழுதுவார்? "வரவு". நம்மிடமிருந்து அவருக்கு வந்தது. வாங்கிக் கொண்டவர் பேரில் பற்று, கொடுத்தவர் பேரில் வரவு. இவ்வளவுதான் ரகசியம்!

இப்போது பணப் பெட்டியை ஓர் ஆளாக நினைத்துக் கொள்ளச் சொல்வார் அந்த டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் பால்கோவாக் கடை போடுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். சொந்தப் பணம் 10,000 ரூபாயைப் பெட்டியில் போடுகிறார். பெட்டி வாங்கிக் கொண்டது. ரொக்கக் கணக்கில் பற்று. முதலாளி கொடுத்தார், முதல் கணக்கில் வரவு. 2,000 ரூபாய்க்கு ரொக்கத்துக்குப் பால் வாங்குகிறார். பெட்டி பணத்தைக் கொடுத்தது. ஆகவே ரொக்கக் கணக்கில் வரவு, கொள்முதல் கணக்கில் பற்று. 1,000 ரூபாய்க்குச் சர்க்கரை கடனாக வாங்குகிறார். கொள்முதல் கணக்கில் பற்று. கொடுத்த மளிகைக்காரர் பேரில் வரவு. சாயங்காலம் 4,000 ரூபாய்க்கு விற்கிறது. பெட்டி மறுபடி வாங்கிக் கொண்டது. ரொக்கத்தில் பற்று, விற்பனையில் வரவு. ஒவ்வொரு முறையும் ஒரு கை வாங்குகிறது, ஒரு கை கொடுக்கிறது. அதனால்தான் இதற்கு இரட்டைப் பதிவு என்று பேர். 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பசியோலி என்ற சந்நியாசி அச்சுப் போட்ட புத்தகத்தில் விளக்கிய முறையும் இதுதான்.

பாங்கிப் பாஸ் புத்தகத்தில் நாம் கட்டிய பணத்தை ஏன் "வரவு" என்று போடுகிறார்கள் என்பதும் இப்போது விளங்கிவிடும். அது பாங்கியின் நோட்டு, நாம் கொடுத்தவர்கள். மளிகைக் கடை நோட்டின் அதே நியாயம்தான்.

பாருங்கள், இந்த டீச்சருக்கு ஆடிட்டரைவிட அதிகமாகக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஆடிட்டருக்குத் தெரிய வேண்டாத ஒன்று இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை எந்தப் படியில் தடுக்கி விழும், எந்தக் கையைக் கொடுத்தால் எழுந்திருக்கும் என்பதே அது. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1986-ல் இந்த அறிவுக்கு ஒரு தனிப் பேர் வைத்தார். பாட அறிவும் போதனை அறிவும் கலந்த இந்த மூன்றாவது அறிவுதான் ஆசிரியருடைய சொந்தச் சொத்து என்றார். பி.எட். படிப்பில் இதைத்தான் கற்றுத் தர வேண்டும்.

இரண்டு வருஷத்தில் என்ன படிப்பாள்?

தமிழ்நாட்டு பி.எட். கல்லூரிகளுக்காக 2008-ல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் என்று தனியாக ஒன்று ஏற்பட்டது. எல்லோருக்கும் பொதுவான பாடங்கள் உண்டு. குழந்தை வளரும் விதம், மனோதத்துவம், இன்றைய இந்தியாவின் கல்வி, மதிப்பீட்டு முறைகள், உடல் ஊனமும் வேறு குறைகளும் உள்ள குழந்தைகளை எல்லோரோடும் சேர்த்துப் படிக்க வைப்பது, பள்ளிக்கூடத்தில் ஆண் பெண் பேதம் என்றெல்லாம். இவற்றோடு, அவரவர் பாடத்துக்கென்று ஒரு போதனா முறைப் பாடம். உங்கள் பெண்ணுக்கு அது வணிகவியலும் கணக்குப்பதிவியலும். தங்கை மகளுக்குக் கணினி அறிவியல்.

அதில் முக்கியமான ஒரு பயிற்சி நுண்ணிலைக் கற்பித்தல். 1963-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் பிறந்த முறை இது. ஆறு நிமிஷம்தான் பாடம். எதிரே சக மாணவிகள் ஐந்தாறு பேர் பிள்ளைகளாக உட்காருவார்கள். எடுத்துக் கொள்வதும் ஒரே ஒரு திறமை: பாடத்தை எப்படித் தொடங்குவது என்பது மட்டும், அல்லது கேள்வி கேட்பது மட்டும், அல்லது கரும்பலகையில் எழுதுவது மட்டும். முடிந்ததும் ஆறு நிமிஷம் குறை நிறை சொல்வார்கள். பன்னிரண்டு நிமிஷம் திருத்தித் தயார் செய்ய வேண்டும். மறுபடி ஆறு நிமிஷம் பாடம், ஆறு நிமிஷம் விமரிசனம். ஆக 36 நிமிஷத்தில் ஒரு சுற்று.

"இதென்ன விளையாட்டு?" என்று தோன்றும். சமையல் கற்றுக் கொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முதல் நாளே பெண்ணைக் கல்யாண விருந்து சமைக்கச் சொல்வோமா? இன்றைக்குத் தாளிப்பது மட்டும் என்போம். எண்ணெய் காய்ந்த பதம் தெரிந்தபின் மற்றதைச் சொல்வோம். அப்படித்தான்.

பிறகு, நிஜப் பள்ளிக்கூடம். விதிப்படி இரண்டு வருஷத்தில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி. முதல் வருஷம் 4 வாரம், இரண்டாம் வருஷம் 16 வாரம். நாற்பது ஐம்பது பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்க, தனியாக நின்று பாடம் நடத்த வேண்டும். பாடக் குறிப்பு எழுத வேண்டும். பரீட்சை வைத்துத் திருத்தி, எந்தக் கேள்வியில் பெரும்பாலோர் தவறினார்கள், ஏன் தவறினார்கள் என்று ஆராய்ந்து, அந்த இடத்தை மட்டும் மறுபடி நடத்த வேண்டும். இத்தனைக்கும் தடித் தடியாக ரிக்கார்டு நோட்டுகள் உண்டு. ராத்திரி பன்னிரண்டு மணி வரை எழுத வேண்டியிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் அந்த நாட்களில் அவளைக் கடைக்கு ஏவாமல் இருந்தால் புண்ணியம்.

தங்கை மகளுக்குக் கோலம் தெரியுமா?

கணினி டீச்சருக்கும் இதே கதைதான். பிளஸ் டூ கணினி அறிவியலில் இப்போது பைத்தான் என்ற மொழி இருக்கிறது. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி இயந்திரத்துக்குக் கட்டளையிடுவது அதில் ஒரு பாடம். அதை அருமையாக விளக்க வீட்டு வாசலிலேயே சாதனம் இருக்கிறது.

ஏழு புள்ளியில் தொடங்கி நாலு வரை இடுக்குப் புள்ளி வைக்கிறோம் அல்லவா? மேலேயிருந்து எண்ணினால் 4, 5, 6, 7, பிறகு 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. இதை இயந்திரத்தைக் கொண்டு போடச் சொன்னால், பிள்ளைகளில் பெரும்பாலோர் 4 முதல் 7 வரை என்று எண்ணி, கட்டளையில் நாலையும் ஏழையும் கொடுப்பார்கள். பைத்தானுக்கு ஒரு குணம் உண்டு. கடைசி எண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும். 4, 5, 6 வரும், 7 வராது. திரையில் பார்த்தால் கோலத்தின் நடு வரிசையையே காணோம்! புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தால் மறந்து போகும் விஷயம், நடு வரிசை இல்லாத கோலத்தைக் கண்ணால் பார்த்தபின் மறக்குமா? ஏழுக்குப் பதில் எட்டு என்று கொடுக்க வேண்டும் என்று குழந்தையே சொல்லும்.

இது என் கற்பனை விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணியும், அவருடைய துணைவியார் ராணி சிரோமணியும், கமலா கிரித்திவாசனும் கோலங்களின் இலக்கணத்தைக் கணினிக்குரிய முறையில் ஆராய்ந்து 1974-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மூவரில் இருவர் பெண்மணிகள் என்பதைக் கவனியுங்கள்.

போதனா முறைப் பாடத்தில் இன்னொன்றும் யோசிக்க வேண்டியிருக்கும். ஆய்வுக் கூடத்தில் பத்து இயந்திரம், பிள்ளைகள் நாற்பது பேர். கரண்டு போய்விட்டது. டீச்சர் என்ன செய்வார்? சாக்குக் கட்டியை எடுத்துத் தரையில் புள்ளி வைக்கத் தெரிந்தவர் பிழைத்துக் கொள்வார்.

நாற்காலி இருக்கிறதா?

இத்தனை நல்ல படிப்பை முடித்தால் வேலை நிச்சயமா? இங்கேதான் உங்களிடம் ஒளிவு மறைவில்லாமல் பேச வேண்டும்.

நம் தேசத்தில் வணிகக் கல்விக்கு வயது அதிகம். பச்சையப்பன் தர்ம ஸ்தாபனத்தார் 1886-லேயே சென்னையில் வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். அப்புறம் ஊருக்கு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் வந்தன. லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 என்று தட்டிப் பழகி உத்தியோகத்துக்குப் போன பெண்கள் ஆயிரக்கணக்கானோர். ஆனால் இந்தத் துறைகளுக்கு டீச்சர்களைத் தயார் செய்ய ஒரு பெரிய ஏற்பாடு நடந்தது 1963-ல்.

டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-ல் நடந்த கமிஷன், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டாம், தொழில்நுட்பம், வணிகம், விவசாயம், மனையியல் என்று பல பிரிவுகள் உள்ள பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது. அந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் வேண்டுமே! அதற்காக மைசூர், போபால், அஜ்மீர், புவனேசுவரம் என்ற நான்கு ஊர்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் பிறந்தன. தென்னிந்தியாவுக்கு மைசூர். அமெரிக்காவின் ஒஹையோ ராஜ்ய சர்வகலாசாலை நிபுணர்கள் வந்து ஆலோசனை சொன்னார்கள். பாடமும் போதனையும் நான்கு வருஷம் சேர்ந்தே நடக்கும் புதுமாதிரிப் படிப்புகள் தொடங்கின. பட்டறையும் உண்டு, பள்ளிப் பயிற்சியும் உண்டு.

என்ன ஆயிற்று? பல்நோக்குப் பள்ளிகள் எதிர்பார்த்தபடி வளரவில்லை. படித்து வந்தவர்களுக்கு உட்கார நாற்காலி இல்லை. தொழில்நுட்ப ஆசிரியர் படிப்புகள் நாளடைவில் நின்று போயின. விஞ்ஞான ஆசிரியர் படிப்பு மட்டும் பேரோடும் புகழோடும் தொடர்ந்தது. ஏனென்றால் எல்லாப் பள்ளியிலும் விஞ்ஞானத்துக்கு நாற்காலி இருந்தது. படிப்பில் குற்றமில்லை. வகுப்பைத் திறந்தவர்கள் வேலைக்கு வழி செய்யவில்லை.

அந்தச் சரித்திரம் நம் கணினிப் பட்டதாரிகள் விஷயத்தில் திரும்பிற்று. கணினி அறிவியலோடு பி.எட். முடித்துவிட்டு, அரசாங்கப் பள்ளிகளில் இடமில்லாமல் வருஷக் கணக்காகக் காத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். ஆசிரியர் தேர்வு வாரியம் 2019-ல் நிலை ஒன்று கணினிப் பயிற்றுநர் பதவிகளுக்குப் பரீட்சை வைத்தபோது, முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் கேட்டது. பி.எஸ்ஸி.யோடு பி.எட். முடித்திருந்தவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. ஆகையால் தங்கை மகளுக்குச் சொல்லுங்கள்: மேல்நிலைப் பள்ளியில் கணினி டீச்சராக வேண்டுமென்றால், எம்.எஸ்ஸி. அல்லது எம்.சி.ஏ. முடித்துவிட்டே பி.எட். பக்கம் போவது உத்தமம்.

வணிகவியலுக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. மேல்நிலைப் பள்ளிகளில் வணிகவியல் பிரிவுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். 2018-ல் புதுப் பாடத்திட்டம் வந்தபின், அந்தப் பிரிவில் கணினிப் பயன்பாடுகளும், பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் டேலி என்ற கணினிக் கணக்கு முறையும் சேர்ந்திருக்கின்றன. முதுகலை ஆசிரியர் பதவிக்குத் தகுதித் தேர்வு எனப்படும் டெட் கேட்பதில்லை. வாரியத்தின் போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். பி.காம்., எம்.காம். இரண்டும் ஒரே பாடமாகத் தொடர்ந்திருக்க வேண்டும். பரீட்சை எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை வரும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. இடையில் தனியார் பள்ளியில் வேலை பார்க்க வேண்டியிருக்கும், சம்பளம் குறைச்சல். இதையும் கணக்கில் வைத்துக் கொள்ளுங்கள்.

வராமலே பட்டம்

கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான். "காலேஜுக்குப் போக வேண்டாம்" என்று ஒருவர் சொன்னாராம். சகோதரியே, அவர் உங்களுக்கு நன்மை செய்யவில்லை. விதிப்படி பி.எட். மாணவிக்கு வகுப்பில் 80 சதவீதமும் பள்ளிப் பயிற்சியில் 90 சதவீதமும் ஆஜர் வேண்டும். அதை ஏமாற்றி வாங்கிய பட்டம் என்றைக்காவது தொல்லை தரும் என்பது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கத்தை யோசியுங்கள். அந்த இரண்டு வருஷத்தில் புத்தகத்திலிருந்து வருவது பாதிகூட இல்லை. ஆறு நிமிஷப் பாடமும், அதைக் கேட்ட தோழிகள் "உன் குரல் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கவில்லை" என்று சொல்வதும், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் கால் நடுங்குவதும், பத்தாம் நாள் நடுங்காமலிருப்பதும்தான் படிப்பு. போகாத பெண்ணுக்கு இவற்றில் எது கிடைக்கும்? ஒரு காகிதம் கிடைக்கும். அந்தக் காகிதத்தோடு அவள் ஒரு வகுப்பில் போய் நின்றால், "அது விதி, மனப்பாடம் செய்" என்று சொல்லும் டீச்சராகத்தான் நிற்பாள். எதிரே உட்கார்ந்திருப்பது யார்? உங்கள் பேத்தியாகவும் இருக்கலாம்.

மில் ஆபீஸா, பள்ளிக்கூடமா?

இனி முடிவுக்கு வருவோம். மில் உத்தியோகமும் டீச்சர் படிப்பும் சக்களத்திகள் என்று அத்தை நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ராஜபாளையம் சாதாரண ஊரல்ல. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் ஏற்பட்டதிலிருந்து நூலும் துணியும் கணக்கும் அந்த ஊரின் மூச்சு. ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பாண்டேஜ் துணி அங்கிருந்து போகிறது. அந்த ஊரில் பிறந்த ராம்கோ குழுமத்திலிருந்துதான் கம்பெனிகளின் கணக்கையும் சரக்கையும் சம்பளத்தையும் ஒன்றாகப் பார்க்கும் கணினிச் சாதனம் 1990-களில் வெளிவந்தது. பெண்களுக்கென்று ஏ.கே.டி. தர்மராஜா கல்லூரி 1971-லேயே அங்கே வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ பால்கோவா, 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கொள்முதல், விலை, கடன், லாபம் எல்லாம் ரத வீதியிலேயே நடக்கின்றன. வணிகவியல் டீச்சருக்கு இதைவிட நல்ல ஆய்வுக் கூடம் எங்கே கிடைக்கும்?

ஆகையால் என் யோசனை இது. பெண் மில் ஆபீஸில் சேரட்டும். வேலை பார்த்துக் கொண்டே எம்.காம். தபால் வழியில் படிக்கலாம். அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக் கொள்ளுங்கள். நிஜமான வவுச்சர், நிஜமான பில், 2017-ல் வந்த சரக்கு சேவை வரி, மாசக் கடைசியில் பைசா வித்தியாசத்துக்காக ராத்திரி வரை தேடுவது, எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கட்டும். இரண்டு வருஷம் கழித்தும் டீச்சராகும் ஆசை இருந்தால் பி.எட். சேரட்டும். அப்போது அவள் சம்பாதித்ததிலேயே சம்பளம் கட்டலாம். கல்யாணப் பணத்தைத் தொட வேண்டாம். சேருமுன் கல்லூரியில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். வணிகவியல் போதனைக்கென்று தனி ஆசிரியர் இருக்கிறாரா? பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள், அங்கே வணிகவியல் பிரிவு உண்டா? வகுப்புக்கு வராவிட்டால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சிரித்தால், நீங்கள் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் காசு செலவில்லாத ஒரு பரீட்சை இருக்கிறது. உங்கள் தெருவில் பிளஸ் ஒன் வணிகவியல் படிக்கும் குழந்தை ஒன்று இல்லாமல் போகாது. இரண்டு வாரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், அந்தக் குழந்தைக்குப் பற்று வரவு சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள் உங்கள் பெண்ணை. ஒரே விஷயத்தை நாலு தரம் சொல்லியும் குழந்தைக்குப் புரியாதபோது அவளுக்குக் கோபம் வருகிறதா, அல்லது ஐந்தாவதாக ஒரு வழி தேடத் தோன்றுகிறதா என்று அவளே கவனிக்கட்டும். கோபம் வந்தால் அவமானம் ஒன்றுமில்லை. மில் ஆபீஸில் அவள் நன்றாக முன்னுக்கு வருவாள். வழி தேடத் தோன்றினால் ஏழு வருஷம் அதிகமில்லை.

இரண்டு வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். எட்டுப் பக்கம் வேண்டாம், ஒரு கார்டு போதும். ஆனால் அதை உங்கள் பெண் எழுதட்டும்.